டயருக்குள் ஒரு கேலுசாக் கணக்கு

பிளஸ் ஒன் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: வாயு விதிக் கணக்குகளில் செல்சியஸோடு எதற்கு 273-ஐக் கூட்டவேண்டும்? கூட்டாவிட்டால் மார்க் போகும் என்பதைத் தவிர யாரும் காரணம் சொல்லவில்லையாம்.

கார் டயரை வைத்தே பார்க்கலாம். காலையில் 27 டிகிரியில் 30 பி.எஸ்.ஐ. (டயர் அழுத்தத்தின் அலகு) காற்று அடிக்கிறோம். நெடுஞ்சாலையில் ரெண்டு மணி நேரம் ஓட்டி நிறுத்தும்போது டயருக்குள் 57 டிகிரி. டயரின் கனஅளவு ஏறக்குறைய அதேதான், காற்றும் அதே காற்று, அதனால் வெப்பநிலை ஏறும் விகிதத்தில் அழுத்தமும் ஏறும். இது கேலுசாக் விதி. அப்படியே 57-ஐ 27-ஆல் வகுத்து 30-ஆல் பெருக்கினால் 63 வருகிறது. எந்த டயரும் இப்படி ஏறுவதில்லை.

செல்சியஸின் பூஜ்யம் தண்ணீர் உறையும் இடம், காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வாயுவைக் குளிரவைத்து அழுத்தத்தைக் கிராப்பில் குறித்துக்கொண்டே வந்தால் கோடு நேராக இறங்கும். அதை நீட்டினால் எந்த வாயுவானாலும் மைனஸ் 273.15-ல்தான் பூஜ்யத்தைத் தொடும். அங்கிருந்து எண்ணுவதுதான் கெல்வின். ஆக 27 என்பது 300, 57 என்பது 330. ஏறியது வெறும் 10 சதவீதம்.

அந்தப் பத்து எப்படி வருகிறது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். நைட்ரஜன் மூலக்கூறு சாதாரண வெப்பநிலையிலேயே நொடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில் பாய்ந்து டயர் சுவரில் மோதித் திரும்புகிறது. 300-லிருந்து 330-க்குப் போனால் அதன் வேகம் 5 சதவீதம்தான் கூடும், ஏனென்றால் வெப்பநிலை ஏறுவது வேகத்தின் வர்க்கத்தோடு. அதனால் ஒவ்வொரு அடியும் 5 சதவீதம் பலமாக விழும். சரி, மீதி 5? வேகமாகப் போகிறவன் சீக்கிரமே திரும்பவும் வந்து மோதுவான் இல்லையா, அடிகளின் எண்ணிக்கையும் 5 சதவீதம் கூடிவிடுகிறது! 1.05-ஐ 1.05-ஆல் பெருக்கிப் பாருங்கள், 1.10.

இன்னும் முடியவில்லை. 30-ஐ 1.1-ஆல் பெருக்கி 33 என்று எழுதினாலும் தப்புதான். பிரஷர் மீட்டர் காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு அதிகம் என்பதை மட்டும். பஞ்சராகித் தரையோடு படிந்த டயரில் முள் 0-ல் நிற்கும், ஆனால் உள்ளே வெளிக்காற்றின் அழுத்தமான 14.7 இருக்கத்தான் செய்கிறது. அதையும் சேர்த்து 44.7, பத்து சதவீதம் ஏறி 49.2, திரும்ப 14.7-ஐக் கழித்தால் 34.5. மீட்டரில் இதைத்தான் பார்ப்பீர்கள். சில நூறு ரூபாய் மீட்டர் ஒன்றை ஆய்வகத்தில் வைத்து இதைக் காட்டாமல், சூத்திரத்தை மட்டும் ஒப்பிக்க வைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

"நைட்ரஜன் அடித்தால் சூட்டில் பிரஷர் ஏறாது" என்கிறார்களே, அது வெறும் நம்பிக்கை. காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ரப்பர் வழியாகக் கொஞ்சம் மெதுவாகக் கசியும், ஈரம் இருக்காது, அதெல்லாம் உண்மை. ஆனால் விதியில் வாயுவின் பெயருக்கு இடமில்லை, எத்தனை மோல், அதாவது எத்தனை மூலக்கூறுகள் என்பதுதான் கணக்கு. அதற்கும் அதே பத்து சதவீதம்தான்.

அப்புறம், வழியில் 34.5-ஐப் பார்த்துப் பயந்து காற்றை 30-க்கு இறக்கிவிடாதீர்கள். மறுநாள் காலை டயர் 27 டிகிரிக்கு ஆறியதும் முள் 26-க்குக் கீழே நிற்கும்.