பட்டாளத்துக்காரர்தானே என்று விட்டுவிடாதீர்கள்

வியாசர்பாடியிலிருந்தும் கொடுங்கையூரிலிருந்தும் மனநலச் சிகிச்சைக்காக என்னிடம் அழைத்துவரப்படும் முன்னாள் படைவீரர்களில் பெரும்பாலோர், புற்றுநோயோ சிறுநீரகச் செயலிழப்போ உறுதியாகிப் பல மாதங்கள் கழிந்து, சோற்றையும் பேச்சையும் ஒருசேர நிறுத்திவிட்ட பிறகுதான் வருகிறார்கள். அண்மையில் வந்த ஓய்வுபெற்ற ஹவில்தாரின் மகனிடம் தாமதத்திற்குக் காரணம் கேட்டேன். "அப்பா மிலிட்டரிமேன் சார், தாங்கிக்குவாரு" என்றார். இந்தப் பதிலை இனியும் பொறுமையோடு கேட்க என்னால் இயலவில்லை.

படைப்பயிற்சி அச்சத்தை மீறிச் செயல்படக் கற்பிக்கிறதே தவிர, அச்சத்தை அழித்துவிடுவதில்லை. எல்லையில் அவருக்கு அருகில் தோழர்கள் இருந்தார்கள், கையில் வேலை இருந்தது, அடுத்து என்ன செய்வது என்பதற்கு உத்தரவு இருந்தது. டயாலிசிஸ் இயந்திரத்தின் அருகே நான்கு மணி நேரம் கிடப்பவருக்கு இவற்றில் எதுவுமில்லை. மனநலக் குறைபாடு பதிவானால் மருத்துவத் தகுதி இறங்கும், பதவி உயர்வு தடைப்படும் என்று பணிக்காலம் முழுவதும் வாய்மூடிப் பழகியவர் அவர். (படையினரின் 'ஷேப்' என்னும் மருத்துவத் தகுதி வகைப்பாட்டில் முதல் எழுத்தே மனநிலையைக் குறிப்பதுதான்.) ஓய்வுக்குப் பின் அந்தக் கணக்கு செல்லாது. மனநலச் சிகிச்சை பெற்றால் ஓய்வூதியம் நின்றுவிடும் என்பது வெறும் புரளி.

குடிப்பழக்கத்தை, கேன்டீன் சரக்குதானே என்று அறுவை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். நாள்தோறும் அருந்தியவர் வார்டில் திடீரென நிறுத்த நேர்ந்தால், இரண்டு மூன்று நாட்களில் கைநடுக்கமும் மனக்குழப்பமும் தோன்றி, அங்கில்லாதவர்களோடு பேசத் தொடங்கலாம். பழைய சண்டை நினைவு திரும்பிவிட்டது என்று குடும்பம் பதறும். அது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. முன்கூட்டியே சொன்னால் மருந்தால் பெரும்பாலும் தடுக்கக்கூடியதும்கூட.

"எனக்கு எதற்கு இனிமேல் செலவு" என்று அவர் சொன்னால் அதைச் சலிப்பென்று தள்ளாமல், சாக நினைக்கிறாரா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. அன்றே ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்கோ அழைத்துச் செல்லுங்கள். இரவானால், இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசக்கூடிய டெலிமானஸ் என்னும் அரசின் தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். வீட்டில் உரிமத் துப்பாக்கி இருந்தால் உடனே காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள். தூக்க மாத்திரைகளும் அவர் கைக்கு எட்ட வேண்டாம்.

கணவர் எல்லையில் இருந்த காலமெல்லாம் தனியாகக் குடும்பம் நடத்திய மனைவியிடம், 'நீங்கள் இரவில் உறங்குகிறீர்களா' என்று எவரும் விசாரிப்பதில்லை. முன்னாள் படைவீரர்களுக்கான ஈசிஎச்எஸ் மருத்துவத் திட்டத்தில் மனைவிக்கும் மருத்துவ உதவி உண்டு. அம்மாவின் அட்டையையும் எடுத்துக்கொண்டு இருவரையும் சேர்த்தே அழைத்து வாருங்கள், தயவுசெய்து.