கோவிட் இருக்குறது தெரியாமலே தடுப்பூசி போட்டுக்கிட்டா என்ன ஆகும்? ரூல் என்ன சொல்லுது?

ஊசி போட்டு ரெண்டு நாள்ல டெஸ்ட் எடுத்தா பாசிட்டிவ்னு வருது, அப்போ ஊசி போடும்போதே உள்ள வைரஸ் இருந்திருக்கு, இதனால உடம்புக்கு ஏதாவது ஆகிடுமா, போட்ட டோஸ் வீணாப்போச்சா, அடுத்தது எப்போ போடணும்னு நிறைய பேர் பதறிப்போய் கேக்குறாங்க. பதற வேண்டாம். தெரியாம போட்டுக்கிட்டதால நோய் முத்திடும்னு சொல்ல எந்த ஆதாரமும் இல்ல, போட்ட டோஸும் கணக்குல தான் இருக்கு, திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கச் சொல்ல மாட்டாங்க.

ஊசியாலயே கோவிட் வந்துடுச்சுன்னு சொல்றது மட்டும் தப்பு. கோவாக்சின்ல இருக்குறது செயலிழக்க வச்ச வைரஸ், கோவிஷீல்டுல உடம்புக்குள்ள பெருக முடியாத வேற ஒரு வைரஸ் மூலமா ஸ்பைக் புரதத்தோட (கொரோனா மேல முள்ளு மாதிரி இருக்குற புரதம்) தகவலை மட்டும் அனுப்புறாங்க, ஃபைசர் மாடர்னாவுல எம்ஆர்என்ஏ, அதாவது அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்ற குறிப்பு. எதுலயும் உயிரோட கொரோனா வைரஸ் கிடையாது, மூக்குல எடுக்குற ஆர்டிபிசிஆர் டெஸ்ட்ல ஊசியால பாசிட்டிவ் காட்டவும் காட்டாது. பாசிட்டிவ்னு வந்தா அது யார்கிட்ட இருந்தோ தொத்தினது தான்.

இது ஏன் இவ்ளோ பேருக்கு நடக்குதுன்னா, வைரஸ் உள்ள போய் அறிகுறி தெரிய ஆரம்பத்துல சராசரியா 5, 6 நாள் ஆச்சு, சிலருக்கு 14 நாள் வரைக்கும், பின்னாடி வந்த ஓமிக்ரான் வகையில 3 நாள் மாதிரி குறைஞ்சுது, சிலருக்கு கடைசி வரைக்கும் அறிகுறியே வராது. ஊசியோட பாதுகாப்பு நல்லா ஏற ரெண்டு வாரமாவது ஆகும். அதனால "நேத்து பாசிட்டிவ் ஆளோட ஒரே ரூம்ல இருந்தேன், இன்னைக்கே ஓடிப்போய் ஊசி போட்டா தப்பிச்சிடலாமா"ன்னா, முடியாது, அந்த ஓட்டத்துல வைரஸ் தான் முந்தும்.

இப்போ ரூலுக்கு வருவோம். இந்தியாவுல 2021 மே மாசம் சுகாதார அமைச்சகம் சொன்னது, ஊசி போடுறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் ரேபிட் டெஸ்ட் எடுக்கத் தேவையில்ல. அமெரிக்காவோட நோய்த்தடுப்பு அமைப்பான சிடிசியும் ஊசி போடலாமா வேணாமான்னு முடிவு பண்றதுக்காக மட்டும் டெஸ்ட் வேணாம், ரத்தத்துல எதிர்ப்புப் பொருள் இருக்கான்னு பாக்குற ஆன்டிபாடி டெஸ்டும் வேணாம்னு தான் சொன்னது. அறிகுறி இல்லாதவங்க தெரியாம வருவாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், அதுக்காக கோடிக்கணக்கான பேரை டெஸ்டுக்கு நிறுத்தினா ஊசி வேலை தான் படுத்துடும், என்னைக் கேட்டா இது சரியான முடிவு தான்.

தெரிஞ்சே போறது வேற விஷயம். பாசிட்டிவ்னு தெரிஞ்சாலோ, காய்ச்சல் இருமல் இருந்தாலோ, தள்ளிப்போடணும். இதுக்கு முதல் காரணம் பக்கத்துல இருக்குறவங்க. ஊசி போட்ட அப்புறம் கொஞ்ச நேரம் அங்கேயே உக்கார வைப்பாங்க, சுத்தி இருக்குறவங்கள்ல இன்னும் ஒரு டோஸ் கூட ஏறாதவங்க இருக்கலாம், அதுல வயசானவங்க இருப்பாங்க, சுகர் இருக்குறவங்க இருப்பாங்க. "லேசான சளி தானே"ன்னு மாஸ்க்குக்குள்ள தும்மிக்கிட்டு உக்காராதீங்க ப்ளீஸ். வீட்டுல யாருக்காவது பாசிட்டிவ்னாலும் தனிமை நாள் முடிஞ்சு போங்க, ஊசி அப்புறமும் போட்டுக்கலாம்.

எவ்ளோ நாள் தள்ளணும்ங்கிறதுல தான் நாட்டுக்கு நாடு வித்தியாசம். இந்தியாவுல முதல்ல அறிகுறி போய் 14 நாள்னு இருந்துச்சு, 2021 மே மாசத்துல அதை குணமான தேதியில இருந்து 3 மாசம்னு மாத்தினாங்க, முதல் டோஸ் போட்டு ரெண்டாவதுக்குள்ள கோவிட் வந்தவங்களுக்கும் அதே 3 மாசம். பிரிட்டன்ல அப்போ அறிகுறி ஆரம்பிச்சதுல இருந்து, அறிகுறி இல்லன்னா முதல் பாசிட்டிவ்ல இருந்து, 4 வாரம். அமெரிக்காவுல குணமாகி தனிமை முடிஞ்சாலே போடலாம், விருப்பப்பட்டா 3 மாசம் வரைக்கும் தள்ளலாம்னு சொன்னாங்க. ஒருத்தர் 4 வாரம்ங்கிறார் இன்னொருத்தர் 3 மாசம்ங்கிறாரேன்னு குழம்ப வேணாம், கோவிட் வந்து போன உடம்புல கொஞ்ச மாசத்துக்கு பாதுகாப்பு இருக்கும், அந்த இடைவெளியை ஒவ்வொரு அரசும் ஒவ்வொரு மாதிரி கணக்கு பண்ணுது. நீங்க இருக்குற ஊரோட இப்போதைய விதி எதுவோ அதைப் பாருங்க.

இதைவிட முக்கியமா நான் நினைக்கிறது ஊசிக்கு அப்புறம் வர்ற அந்த ரெண்டு நாள். காய்ச்சல், உடம்பு வலி, தலைவலி, அசதி, ஊசி போட்ட கை வீங்குறது, இதெல்லாம் ஊசியாலயும் வரும், பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல தணிஞ்சிடும். ஆனா இருமல், தொண்டை வலி, மூக்கு ஒழுகுறது, மூச்சு வாங்குறது, வாசனை ருசி போறது, இதெல்லாம் பொதுவா ஊசியால வர்றது இல்ல. "ஊசி காய்ச்சல் தான்"னு பாராசிட்டமால் போட்டுக்கிட்டு வீட்டுல எல்லாரோடயும் கலந்து இருந்து, பாட்டி வரைக்கும் பரவிடுது. இந்த அறிகுறி ஒண்ணு வந்தாலும், இல்ல காய்ச்சல் ரெண்டு நாளைத் தாண்டினாலும், தனியா ஒரு ரூம்ல இருந்துக்கிட்டு டெஸ்ட் எடுங்க, மூச்சு வாங்குனா டெஸ்டுக்காக காத்திருக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு போங்க.

அந்த 2021 மே மாச அறிவிப்புலயே இன்னும் சிலது இருந்துச்சு. கோவிட் சிகிச்சைக்காக பிளாஸ்மாவோ (குணமானவங்க ரத்தத்துல இருந்து எடுக்குறது) மோனோக்ளோனல் ஆன்டிபாடியோ (லேப்ல தயாரிச்ச எதிர்ப்புப் புரதம்) ஏத்தினவங்க டிஸ்சார்ஜ் ஆன நாள்ல இருந்து 3 மாசம் காத்திருக்கணும், கோவிட் இல்லாம வேற பெரிய நோய்க்கு ஆஸ்பத்திரியில படுத்தவங்களுக்கு 4ல இருந்து 8 வாரம், தாய்ப்பால் குடுக்குறவங்க போட்டுக்கலாம், ரத்ததானம் பண்றவங்க ஊசி போட்டு 14 நாள் கழிச்சு குடுக்கலாம்.