ஆர்க்டிக் கப்பலில் ஏறுமுன் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று பாருங்கள்

வடதுருவப் பகுதிக்குக் கப்பலில் போகிறவர்கள் கடைசி நேரத்தில் என்னிடம் வருவார்கள். கையில் கப்பல் நிறுவனம் அனுப்பிய உடல்தகுதிப் படிவம் இருக்கும். பணம் கட்டியாகிவிட்டது, குளிர் கோட்டும் வாங்கியாகிவிட்டது. "ஒரு கையெழுத்துதான் டாக்டர், போட்டுக் கொடுத்துடுங்க" என்பார்கள்.

அப்படித்தான் ஒருவர் வந்தார். வயது 68. ஏழு மாதத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்திருந்தது. நோர்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்ட் தீவுகளைச் சுற்றிப் பத்து நாள் பயணம். பேச்சோடு பேச்சாக, மாடி ஏறினால் நெஞ்சில் லேசாக ஒரு இறுக்கம் வருகிறது, அது கேஸ்தான் என்றார். "அங்கே போய் அந்த இறுக்கம் அதிகமானால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். "கப்பல்லதான் டாக்டர் இருக்காரே" என்றார்.

இருக்கிறார், உண்மைதான். ஆனால் கப்பல் மருத்துவரிடம் என்ன இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஈசிஜி, ஆக்ஸிஜன், அவசர மருந்துகள், சில ரத்தப் பரிசோதனைகள் இருக்கும். சிறிய பயணக் கப்பல்களில் ஆஞ்சியோ செய்ய வழியில்லை, சிடி ஸ்கேன் இல்லை, ரத்த வங்கி இல்லை. ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார்கள். ஆடும் படிக்கட்டில் விழுந்து தலையில் அடிபட்டால், உள்ளே ரத்தம் கசிகிறதா என்று பார்க்கக்கூட அங்கே வசதி கிடையாது.

சரி, கரைக்குக் கொண்டுபோகலாமே என்றால், கரை எங்கே இருக்கிறது? ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்யியர்பையன் 78 டிகிரி வடக்கில் இருக்கிறது. அங்கே இருப்பது ஒரு சிறிய மருத்துவமனை. பெரிய சிகிச்சைக்கு நோர்வேயின் பெருநிலத்திலுள்ள ட்ரோம்சோவுக்கு விமானத்தில்தான் போக வேண்டும், தூரம் ஏறக்குறைய 950 கிலோமீட்டர். அந்த ஊர்க் கர்ப்பிணிகளே பிரசவத்துக்குச் சில வாரம் முன்பாகப் பெருநிலத்துக்குப் போய்விடுகிறார்கள். உங்கள் கப்பலோ அந்த ஊரைவிட்டு இன்னும் வடக்கே, பனிக்கட்டிகளுக்கு நடுவே நிற்கும். ஹெலிகாப்டர் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், மூடுபனியும் விலக வேண்டும்.

கிரீன்லாந்தின் வடகிழக்கு இதைவிடவும் ஆளில்லாத இடம். 2023 செப்டம்பர் 11 அன்று ஓஷன் எக்ஸ்ப்ளோரர் என்ற கப்பல் அங்குள்ள ஆல்ப்ஃபியோர்ட் என்ற குறுகிய கடல்நீர்ப் பகுதியில் தரைதட்டியது. கப்பலில் 206 பேர். உதவிக்குக் கிளம்பிய டென்மார்க் கடற்படைக் கப்பல் அப்போது 2,000 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருந்தது. மூன்றாம் நாள் ஒரு மீன்வள ஆய்வுக் கப்பல் வந்துதான் இழுத்து மீட்டது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. ஆனால் அந்த மூன்று நாளில் ஒருவருக்கு மாரடைப்பு வந்திருந்தால் என்று நான் நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அதனால்தான் கப்பலின் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வரைபடத்தைப் பாருங்கள் என்று சொல்கிறேன். பாதையின் ஒவ்வொரு நாளிலும், அருகிலிருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரமாகும் என்று நிறுவனத்திடம் கேளுங்கள். இதயநோய், கட்டுக்குள் வராத சர்க்கரை, ஆஸ்துமா, வலிப்பு, அண்மையில் அறுவை சிகிச்சை என்று ஏதாவது இருந்தால் நோர்வேக் கடற்கரைப் பயணத்தை நான் பரிந்துரைப்பேன். அதுவும் ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டிப் போவதுதான். போடோ, ட்ரோம்சோ போன்ற மருத்துவமனை உள்ள ஊர்கள் வழியிலேயே வரும். நள்ளிரவுச் சூரியனையும் பார்க்கலாம், பனிக்காலத்தில் போனால் துருவ ஒளியையும் பார்க்கலாம். இதைக் குறைந்த பயணம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கடற்கரைப் பாதையென்றால் ஆபத்தே இல்லை என்றும் சொல்லவில்லை. 2019 மார்ச் 23 அன்று ட்ரோம்சோவிலிருந்து தெற்கே வந்துகொண்டிருந்த வைக்கிங் ஸ்கை கப்பலில் 1,373 பேர் இருந்தார்கள். புயலில் எஞ்சின்கள் நின்றுபோய், 479 பேரை ஒவ்வொருவராக ஹெலிகாப்டரில் தூக்கினார்கள். அப்படித் தூக்கும்போது பெட்டி கூட வராது. இதை நினைத்துத்தான் என் நோயாளிகளிடம் ஒரு பழக்கத்தை வற்புறுத்துகிறேன்: மூன்று நாள் மாத்திரை, மருந்துச் சீட்டின் நகல், ஈசிஜியின் நகல் மூன்றையும் தண்ணீர் புகாத சிறு பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். கப்பலில் இருக்கும்வரை அதைக் கழற்ற வேண்டாம்.

ஸ்வால்பார்டுக்கே போவதாக முடிவெடுத்தால் கப்பலின் அளவையும் கவனியுங்கள். 2025 ஜனவரி முதல் அங்குள்ள பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் உள்ள கப்பல்கள் போக முடியாது. அப்பகுதிகளில் கரையிறங்கவும் குறிப்பிட்ட 43 இடங்களில்தான் அனுமதி. பனிக்கரடியிடமிருந்து 300 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் இறுதிவரை அது 500 மீட்டர். கரடியைக் கிட்டத்தில் காட்டுகிறோம் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம், நல்ல பைனாகுலர் வாங்கிக்கொள்ளுங்கள்.

விசா என் துறையல்ல, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஸ்வால்பார்ட் நோர்வேக்குச் சொந்தமானாலும், ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஷெங்கன் விசா தேவைப்படுகிறவர்கள் ஓஸ்லோ வழியாகப் போய் அதே வழியில் திரும்பினால், இருமுறை நுழையும் விசா வேண்டும். ஒருமுறை மட்டுமே நுழையும் விசாவோடு கிளம்ப இருந்த ஒரு தம்பதியைத் தடுப்பூசி போட வந்தபோதுதான் தற்செயலாக எச்சரிக்க முடிந்தது.

காப்பீட்டில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மருத்துவச் செலவு வேறு, நோயாளியை ஹெலிகாப்டரிலும் விமானத்திலும் கொண்டுவரும் செலவு வேறு. இரண்டாவதற்கு எவ்வளவு வரை தருவார்கள் என்று பாலிசியில் தேடுங்கள். ஐரோப்பா என்று போட்டிருந்தால் கிரீன்லாந்தும் ஸ்வால்பார்டும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்புறம், இருக்கிற நோயை மறைக்கவே கூடாது. என் நோயாளி ஒருவர் பிரீமியம் ஏறிவிடும் என்று ரத்த அழுத்தத்தைக் குறிப்பிடாமல் விட்டார். பயணத்தில் பக்கவாதம் வந்தது. பழைய மருந்துச் சீட்டைக் காட்டி நிறுவனம் பணம் தர மறுத்துவிட்டது. அவருடைய மகன் வந்து என் முன்னால் உட்கார்ந்திருந்த அந்த அரை மணி நேரம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

மருந்துகளுக்கு வருவோம். கடல் குமட்டலுக்குக் காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டை நன்றாக வேலை செய்யும். கப்பல் ஆடத் தொடங்குவதற்கு நாலு மணி நேரம் முன்னதாக ஒட்ட வேண்டும், மூன்று நாள் தாங்கும். ஆனால் குறுங்கோண கண்நீர் அழுத்த நோய் (கிளாகோமா) உள்ளவர்களும் புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் கழிக்கச் சிரமப்படுகிறவர்களும் அதைத் தொடக்கூடாது. வயதானவர்களுக்கு மனக்குழப்பம்கூட வரலாம். எந்தக் குமட்டல் மருந்தானாலும் வீட்டில் ஒருநாள் பயன்படுத்திப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

இன்சுலின் உறைந்துவிட்டால் பிறகு உருகினாலும் பயனில்லை, தூக்கிப்போட வேண்டியதுதான். கரையிறங்கும்போது உடம்பை ஒட்டிய உள்பாக்கெட்டில் வையுங்கள். சர்க்கரை பார்க்கும் கருவியும் அங்கேயே இருக்கட்டும். பல கருவிகள் 10 டிகிரிக்குக் கீழே வேலை செய்யாது. கோடையிலும் அங்கே அந்தக் குளிர் இருக்கும், லாங்யியர்பையனில் ஜூலை மாதச் சராசரியே ஏறக்குறைய 7 டிகிரிதான். குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும் என்பதால், இதயநோயாளிகள் வெளியே வந்ததும் வேகமாக நடக்கக் கூடாது.

அந்த ஊரில் ஏப்ரல் 20 வாக்கில் தொடங்கி ஆகஸ்ட் 23 வாக்கில் முடியும்வரை சூரியன் மறைவதே இல்லை. அழகுதான், ஆனால் தூக்கம் கெடும், ராத்திரி மாத்திரை மறந்துபோகும். போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், கண்மூடியும் எடுத்துப்போங்கள். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைச் சுடும், அதற்குப் பக்கங்களும் மறைந்த கருப்புக் கண்ணாடி வேண்டும். கை கழுவச் சோப்புதான் நல்லது. கப்பல்களில் பரவி வாந்தி பேதி உண்டாக்கும் நோரோ வைரஸுக்கு ஆல்கஹால் ஜெல் போதாது.

எல்லாரும் மறக்கும் விஷயம் முழங்கால். கப்பலிலிருந்து ரப்பர் படகுக்கு இறங்க வேண்டும், படகிலிருந்து முழங்காலளவு ஐஸ் தண்ணீரில் கால் வைத்துக் கரையேற வேண்டும். கனமான பூட்ஸ் வேறு. மூன்று மாதம் முன்பிருந்தே தினமும் படி ஏறி இறங்குங்கள், ஒற்றைக்காலில் நின்று பழகுங்கள்.

அந்த 68 வயதுக்காரருக்கு அன்று நான் கையெழுத்துப் போடவில்லை. கோபித்துக்கொண்டுதான் போனார். ஆனாலும் பரிசோதனைக்குப் போனார். இன்னொரு ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தது. சிகிச்சை முடிந்து அடுத்த ஆண்டு ஜூன் மாதம் மனைவியோடு நோர்வேக் கடற்கரைப் பயணம் போனார். நார்த் கேப் முனையில் இரவு 12 மணிக்கு எடுத்த படத்தை அனுப்பியிருந்தார். பின்னால் செம்மஞ்சள் சூரியன், கோட்டுக்கு மேலே இடுப்பில் அந்தச் சிறிய பை.