ரேடார் கண்ணில் ஜிகினாத் தாள்

1943 ஜூலை 24, இரவு. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரை நோக்கி 791 பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பின. பெரும்பாலானவை லங்காஸ்டர், ஹாலிஃபாக்ஸ் போன்ற நான்கு இன்ஜின் பூதங்கள். உள்ளே ஒருவர் ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்துப் பார்த்து, நிமிடத்துக்கு ஒரு காகிதக் கட்டை வெளியே இருட்டில் தள்ளிக்கொண்டிருந்தார்.

கட்டுக்குள் இருந்தவை மெல்லிய தாள் துண்டுகள். ஒரு பக்கம் கறுப்புக் காகிதம், மறுபக்கம் அலுமினியப் பூச்சு. நம்ம ஊர் ஜிகினாத் தாளேதான். அகலம் 2 செ.மீ., நீளம் 27 செ.மீ. இதற்கு 'விண்டோ' என்று ரகசியப் பெயர்.

அந்த 27இல்தான் சூட்சுமம். ஜெர்மானியரின் வூர்ட்ஸ்பர்க் ரேடார் அனுப்பிய அலையின் நீளம் சுமார் 53 செ.மீ. அதில் சரிபாதி இது. ரேடியோ அலை உலோகத்தில் பட்டால் அதிலுள்ள எலெக்ட்ரான்கள் முன்னும் பின்னும் ஓடும். பாதி அலைநீளத்துக்கு வெட்டிய தாளில், அந்த ஓட்டம் ஒரு முனையைத் தொடும் நேரத்தில் அலையும் திசை மாறி எதிர்ப்பக்கம் தள்ளும். ஊஞ்சல் திரும்பும் தருணம் பார்த்து உந்துவது மாதிரி. ஆட்டம் பெருகி, தாளே ஒரு குட்டி ஆன்டெனாவாகி எதிரொலியைத் திருப்பி அனுப்பும். எடை ஒன்றுமில்லை, ஆனால் இப்படி இரண்டாயிரம் துண்டுகள் சேர்ந்து மிதந்தால், ரேடார் திரையில் அது இன்னொரு குண்டுவீச்சு விமானம்!

கீழே இருந்தவர்கள் பாடு திண்டாட்டம். அவர்களுடைய முறைப்படி ஒரு வூர்ட்ஸ்பர்க் எதிரி விமானத்தைத் தொடரும், இன்னொன்று தங்கள் போர் விமானத்தைத் தொடரும். இரண்டையும் பார்த்து ஒருவர் ரேடியோவில் வழி சொல்வார். அன்று திரை முழுக்கப் புள்ளிகள். யாரை யார் மீது ஏவுவது? விமான எதிர்ப்புப் பீரங்கிகளும் தேடு விளக்குகளும் அதே ரேடாரை நம்பியவைதான். அவையும் தடுமாறின. 791இல் திரும்பாதவை 12.

வேடிக்கை என்னவென்றால், இந்த வித்தை ஜெர்மனிக்கும் தெரியும். அவர்கள் வைத்த பெயர் 'டியூப்பெல்'. நாம் தூவினால் அவனும் கற்றுக்கொண்டு நம் மீதே தூவுவான் என்று இரு தரப்பும் பயந்து பூட்டி வைத்திருந்தன. பிரிட்டன் முதலில் பூட்டைத் திறந்தது. அதன் விலையைக் கொடுத்தது ஹாம்பர்க். அந்த ஒரு வாரக் குண்டுவீச்சிலும், 27ஆம் தேதி இரவு மூண்ட தீப்புயலிலும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அப்புறம் ஜெர்மன் பொறியாளர்கள் சும்மா இருக்கவில்லை. தாள் காற்றோடு மெதுவாகத்தான் போகும். விமானமோ மணிக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். வேகமாக நகரும் பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்றே மாறும். டாப்ளர் விளைவு என்பது இதுதான். அந்த மாற்றத்தைப் பிடித்துக் காட்டும் கருவியை வூர்ட்ஸ்பர்க்கில் பொருத்தி, ஜிகினாவுக்கு நடுவே விமானத்தைத் தேட ஆரம்பித்தார்கள்.