காதில் ஆபரேஷன், வயிற்றில் ஏன் புரட்டல்?

காது ஆபரேஷன் முடிந்து கண் விழிப்பவர்களைப் பல சமயம் வலியைவிட வாந்திதான் பாடாய்ப் படுத்தும். தடுப்பு மருந்து தராமல் விட்டால் நடுச்செவி ஆபரேஷன் ஆனவர்களில் பாதிப் பேருக்கும் மேல் குமட்டல் வரலாம். அதைச் சின்னத் தொல்லை என்று விட்டுவிடவும் முடியாது, ஏனென்றால் வாந்தி எடுக்கும்போது தலையில் ரத்த அழுத்தம் ஏறும், மூக்கின் பின்பக்கத்திலிருந்து காற்று நடுச்செவிக்குள் தள்ளும், புதிதாக ஒட்டிய செவிப்பறை நகர்ந்தால் செய்த வேலை வீண்.

குமட்டல் இரண்டு வழிகளில் வருகிறது. மயக்க வாயுக்களும் மார்பின் போன்ற வலி மருந்துகளும் மூளையின் அடியில் ரத்தத்தை வேவு பார்க்கும் ஒரு சிறு பகுதியைத் தூண்டுகின்றன. இது எந்த ஆபரேஷனிலும் நடக்கும். காதில் கூடுதலாக இன்னொன்று: டிரில்லின் அதிர்வும், கழுவும் நீரின் சூடோ குளிர்ச்சியோ, பக்கத்திலேயே இருக்கும் சமநிலை உறுப்பைக் கிளறிவிடும். உடம்பு அசையாமல் கிடக்க, காது மட்டும் 'சுற்றுகிறோம்' என்று மூளைக்குச் சொல்லும். பயணத்தில் வாந்தி வருபவர்களுக்கு இங்கும் ஆபத்து அதிகம்.

அதனால் ஒரே மருந்தை நம்புவதில்லை. ஆண்டன்செட்ரான், குமட்டலைத் தூண்டும் செரோடோனின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கும். பெரியவர்களுக்குப் பொதுவாக 4 மில்லிகிராம், ஆபரேஷன் முடியும் நேரத்தில். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு வேலை செய்ய நேரம் பிடிக்கும் என்பதால் ஆரம்பத்திலேயே போடுவார்கள், அதுவும் தூங்க வைத்த பிறகு. விழித்திருக்கும்போது வேகமாகச் செலுத்தினால் பிறப்புறுப்புப் பக்கம் தாங்கமுடியாத அரிப்பு வரும். சர்க்கரை நோயாளிகளுக்கு இது சர்க்கரையை ஏற்றும் என்பதையும் கவனிக்கவேண்டும். சமநிலை வழியை அடைப்பது ஸ்கோபாலமின் பட்டை. ஆபரேஷன் ஆகாத காதின் பின்னால், முந்தைய இரவே ஒட்டினால் நல்லது. வாய் உலரும், பார்வை மங்கும். சில வகை கண் அழுத்த நோய் இருந்தால் ஆகாது.

சரி, எத்தனை மருந்து? 2004-இல் வெளிவந்த பெரிய ஆய்வில் ஆண்டன்செட்ரான், டெக்ஸாமெத்தசோன், டிரோபெரிடால் (இதுவும் ஒரு வாந்தித் தடுப்பு மருந்து) மூன்றுமே, அதுவரை இருக்கும் குமட்டல், வாந்தி ஆபத்தில் தனித்தனியே சுமார் 26 சதவீதத்தைக் குறைத்தன. 60 சதவீத ஆபத்து முதல் மருந்தில் 44 ஆகும், இரண்டாவதில் 33, மூன்றாவதில் 24. பலன் படிப்படியாகச் சுருங்குகிறது, பக்கவிளைவு அப்படிச் சுருங்குவதில்லை. ஆகவே ஆபத்து குறைந்தவருக்கு எல்லாவற்றையும் கொட்டுவதில் அர்த்தமில்லை. மயக்க வாயுவுக்குப் பதில் புரோபோஃபால் என்ற ஊசி மயக்க மருந்திலேயே தூங்க வைப்பதும் நன்றாகக் கைகொடுக்கும்.

இவ்வளவுக்கும் மீறி வாந்தி வந்தால்? ஆறு மணி நேரத்துக்குள் அதே மருந்தைத் திரும்பப் போடுவதால் பெரிதாகப் பயனில்லை, வேறு வகைக்கு மாறவேண்டும். அப்புறம், தலையைச் சட்டென்று திருப்பாமல் மெதுவாக எழவேண்டும்.