வானத்திலிருந்து வராத பனி

1977 ஜனவரி 28, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் பஃபலோ நகரில் முற்பகல் வரை வழக்கமான குளிர்காலம்தான். பதினொன்றரை மணிவாக்கில் ஏரிப் பக்கமிருந்து வெள்ளைச் சுவர் ஒன்று வந்தது. எதிர் வீடு மறைந்தது. சில மணி நேரத்தில் வெப்பநிலை மைனஸ் 3 டிகிரியிலிருந்து மைனஸ் 18க்கு இறங்கியது. காற்றின் வேகம் மணிக்கு 111 கிலோமீட்டரைத் தொட்டது. நான்கைந்து நாள் கழித்து எல்லாம் ஓய்ந்தபோது, சில இடங்களில் பனி 9 மீட்டர் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது.

இத்தனைக்கும் அந்த நாட்களில் வானத்திலிருந்து விழுந்த புதுப் பனி சுமார் 30 சென்டிமீட்டர்தான். பஃபலோக்காரர்கள் அதற்கெல்லாம் அசரமாட்டார்கள். அப்படியானால் மிச்சப் பனி எங்கிருந்து வந்தது?

ஈரி ஏரியிலிருந்து. குளிர்காலத் தொடக்கத்தில் இந்த ஏரி ஒரு பனித் தொழிற்சாலை. இன்னும் சூடு ஆறாத நீரின் மேல் கடுங்குளிர் காற்று கடக்கும்போது, ஆவியை அள்ளிக்கொண்டு போய்க் கரையில் பனியாகக் கொட்டும். ஏரி உறைந்ததும் ஆவி நிற்கும், தொழிற்சாலையும் மூடப்படும். ஆழம் குறைந்த ஏரி என்பதால் அது சீக்கிரம் உறைவதுண்டு. அந்தக் குளிர்காலத்தில் 1976 டிசம்பர் 14க்குள்ளேயே உறைந்துவிட்டது. நிம்மதி தரவேண்டிய செய்திதான். ஆனால் தொழிற்சாலை மூடிய இடத்தில் கிடங்கு திறந்துவிட்டது.

திறந்த நீரில் விழும் பனி கரைந்து போகும். உறைந்த நீரில் விழுவது அப்படியே தங்கும். கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஏறக்குறைய தினமும் பனி பெய்தது. சுமார் 25,700 சதுர கிலோமீட்டர் பரப்பில் தூள்பனி சேர்ந்துகொண்டே போனது. ஏரி தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு கிடக்கிறது. பஃபலோ அதன் வடகிழக்கு முனையில், புனலின் வாயில் இருக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது சுமக்கும் பனி எட்டு மடங்குக்கும் மேலாகும். பெருங்காற்று வந்தது, கிடங்கு காலியாகி ஊரில் இறங்கியது.

இறங்கிய பனி பழைய பனியாகவும் இல்லை. புதுப் பனி என்பது பொரி மாதிரி. படி நிறைய அளந்தாலும் எடை இருக்காது. காற்றில் தரையோடு தரையாகத் துள்ளி உருளும்போது அதன் மெல்லிய கிளைகள் உடைந்து நொய்யாகி, நொய் மாவாகிறது. மாவு இடைவெளியில்லாமல் அடைந்துகொள்ளும். துகள்கள் தொடும் இடத்திலெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி உறைந்து, சில மணி நேரத்தில் கெட்டிப்படும். பனி தள்ளும் வண்டிகள் இதில் முட்டி நின்றுவிட்டன. மண் அள்ளும் பெரிய இயந்திரங்களைக் கொண்டுவரவேண்டியிருந்தது. புதைந்த கார்களுக்குள் இறந்தவர்களும் உண்டு. புகைக்குழாயைப் பனி அடைத்தபின் எஞ்சினை ஓடவிட்டால், நச்சுப் புகை உள்ளேயே திரும்பும். அந்தப் பகுதியில் மொத்தம் 29 பேர் மாண்டார்கள். ஜனாதிபதி கார்ட்டர் அதைப் பேரிடர் பகுதியாக அறிவித்தார்.

காற்று எங்கே தளர்கிறதோ அங்கே சுமையை இறக்கும். சுவரோரம், காரோரம், வேலியோரம். பஃபலோ மிருகக்காட்சி சாலையின் வேலியும் அப்படித்தான் காற்றை மறித்தது. பனி அதை ஒட்டிச் சரிவாக ஏறி, வேலியின் தலையைத் தொட்டு, இறுகியது. மூன்று துருவமான்கள் அந்தச் சரிவில் ஏறி வெளியே நடந்து போய்விட்டன.