பெட்டி நிறையத் தேன், உள்ளே பட்டினி

"தேன் நிறைய இருக்கு சார். ஆனா ஈ குறைஞ்சுக்கிட்டே போகுது. ராணி சரியில்லையோ?"

தேனீ வளர்ப்போருக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கடைசியாகக் கேட்டவர் அதற்குள் இரண்டு முறை சர்க்கரைப் பாகும் வைத்துப் பார்த்திருந்தார். பெட்டியைத் திறந்தேன். மெழுகு அடைகளைத் தாங்கும் மரச்சட்டங்களில் ஓரத்தில் இருந்தவை தேனில் கனத்தன. ராணியும் நன்றாகத்தான் இருந்தது, முட்டைகள் ஒழுங்காகவே இருந்தன. நடுச்சட்டத்தைத் தூக்கி, வெயில் மெழுகு அறைகளுக்குள் விழும்படி சாய்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இளம் புழுக்கள் வெண்பாலில் மிதக்க வேண்டும். இவையோ ஈரமே இல்லாத அறையில் ஒட்டிக் கிடந்தன. மூடிய அறைகளுக்கு நடுவில் ஓட்டை ஓட்டையாகக் காலி இடங்கள்.

சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் சூரியகாந்தி. வாயிலில் இறங்கிய ஈக்கள் எல்லாவற்றின் காலிலும் ஒரே ஆரஞ்சு நிறம்.

தேன் என்பது தேனீக்கு எரிபொருள். பறக்க, கூட்டைச் சூடாக்க, மெழுகு சுரக்க அது வேண்டும். ஆனால் உடம்பு தேனால் ஆவதில்லை. புரதம், கொழுப்பு, வைட்டமின், தாது உப்பு எல்லாமே ஏறக்குறைய முழுக்க மகரந்தத்திலிருந்துதான் வருகின்றன. பூந்துகளுக்குத் தமிழில் 'தாது' என்றும் ஒரு பெயர் உண்டு. உடலைக் கட்டும் பொருள்களையும் தாது என்றுதான் சொல்கிறோம். தேனீயைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றேதான்.

அதைச் சேகரிக்கும் விதத்தைப் பத்து நிமிடம் நின்று பார்க்கலாம், அலுக்காது. பறக்கும் தேனீயின் உடலில் நேர் மின்னூட்டம் ஏறுவதால், பூவை நெருங்கும்போதே துகள்கள் தாமாகத் தாவி அதன் ரோமங்களில் ஒட்டும். முன்கால்களால் முகத்தை வழித்து, வயிற்றிலிருந்து கக்கும் சிறிது மதுரத்தால் (பூவின் இனிப்பு நீர்) துகளை ஈரமாக்கி, நடுக்கால் வழியாகப் பின்காலுக்குத் தள்ளி, அங்கேயுள்ள மகரந்தக் கூடையில் உருண்டையாக அழுத்தி வைக்கும். இவ்வளவையும் பெரும்பாலும் பறந்துகொண்டே செய்துவிடும். ஒரு நடையில் பெரும்பாலும் ஒரே வகைப் பூவுக்குத்தான் போகும். அரிஸ்டாட்டில் காலத்திலேயே கவனித்து எழுதப்பட்ட பழக்கம் இது. அதனால்தான் உருண்டைகள் நிறம் கலக்காமல் இருக்கின்றன.

இரண்டு உருண்டையும் சேர்ந்து சராசரியாக 15 மில்லிகிராம். ஒரு புழுவை ஈயாக வளர்த்தெடுக்க ஏறக்குறைய 130 மில்லிகிராம் மகரந்தம் செலவாகிறது. அதாவது ஓர் ஈ பிறக்க எட்டு, ஒன்பது நடை. வலுவான இத்தாலியத் தேனீக் கூட்டம் ஆண்டுக்கு 20 கிலோ அளவுக்குச் செலவிடும் என்று வைத்தால், கணக்கு 13 லட்சம் நடைகளைத் தாண்டுகிறது.

கூட்டுக்கு வந்ததும், மதுரத்தைப் போல இன்னொரு ஈயிடம் ஒப்படைப்பதில்லை. சுமந்துவந்த ஈயே புழு அறைகளை ஒட்டிய அறையில் உதறிவிட்டுப் போகும். உள்ளே இருக்கும் இளம் ஈ அதைத் தலையால் இடித்து இறுக்கி, தேனும் உமிழ்நீரும் சேர்க்கும். அது மெல்ல, கெடாத 'தேனீ ரொட்டி' ஆகிறது.

இதைத் தின்பது யார் என்று பயிற்சி வகுப்புகளில் கேட்டால், புழுக்கள் என்றுதான் பதில் வரும். உண்மையில் பெரும்பகுதியைத் தின்பவை பிறந்து சில நாள் ஆன செவிலி ஈக்கள். துகளின் உறை இயற்கையின் மிகக் கெட்டியான பொருள்களில் ஒன்று. உள்ளிருப்பதைச் செரித்தெடுக்கும் நொதிகள் அந்த வயதில்தான் அவற்றிடம் அதிகம். செரித்ததைத் தலையிலுள்ள சுரப்பிகளில் பாலாக்கி, புழு, ராணி, ஆண் ஈ என எல்லோருக்கும் ஊட்டுகின்றன. மகரந்தம் சுமக்கும் வயதான ஈயும் இந்தப் பாலில்தான் தன் புரதத்தைப் பெறுகிறது. கூட்டம் முழுவதற்கும் ஒரே அடுப்பு. அது அணைந்தால் எத்தனை சட்டம் தேன் இருந்தும் பயனில்லை.

ஆரஞ்சு உருண்டைகள் வந்துகொண்டுதானே இருந்தன, பிறகென்ன பட்டினி? எல்லா மகரந்தமும் ஒன்றல்ல என்பதுதான் பதில். தேனீக்குத் தேவையான, புரதத்தின் அலகுகளான பத்து அமினோ அமிலங்களை டி குரூட் என்ற டச்சு ஆய்வாளர் 1953லேயே வகைப்படுத்திவிட்டார். ஒன்று குறைந்தாலும் மற்றவை வீணாகும். நல்ல மகரந்தத்தில் புரதம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும். சூரியகாந்தியில் 15 சதவீதத்தை ஒட்டித்தான். மக்காச்சோளத்தில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் போதாது. இதோடு ஸ்டீரால் என்ற கொழுப்பு வகையைத் தேனீயால் சொந்தமாக உருவாக்கவே முடியாது, பூக்கள்தான் தர வேண்டும். பல பூ கலந்தால் ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டும். ஒரே பயிர் என்றால் அதற்கு வழியில்லை. சுமக்கும் ஈயும் இதையெல்லாம் எடைபோட்டுப் பார்ப்பதில்லை. பஞ்ச காலத்தில் மாவையும் மரத்தூளையும்கூடக் கூடையில் அடைத்து வருவதைப் பார்த்திருக்கிறேன்.

பற்றாக்குறை வந்தால் கூட்டம் எடுக்கும் முடிவு கொடூரமானது. தொடர் மழையில் சில நாள் வெளியே போக முடியாவிட்டாலும் இதே கதைதான். செவிலிகள் மிக இளைய புழுக்களைத் தின்றுவிட்டு, அந்தப் புரதத்தால் மூத்த புழுக்களைக் காப்பாற்றும். நான் பார்த்த அந்தக் காலி அறைகள் அப்படி வந்தவை. (ஓட்டையான அடைக்கு நோயும், வயதான ராணியும் காரணமாகலாம், பால் வற்றியிருக்கிறதா என்று பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.) பிழைத்து வருபவையும் இளைத்த ஈக்கள், ஆயுளும் குறைவு.

சர்க்கரைப் பாகைப் பற்றி ஒரு வார்த்தை. பாகு வந்தால் பூக்கள் நிறைந்த வரத்துக் காலம் என்று எண்ணி ராணி முட்டையைக் கூட்டும். மகரந்தம் இல்லாத நேரத்தில் அது ஊட்ட முடியாத வாய்களைப் பெருக்குவதுதான். நல்ல எண்ணத்தில் செய்யும் கெடுதல்.

மாற்று உணவு என்றால், கொழுப்பு நீக்கி வறுத்த சோயா மாவும் ஈஸ்ட்டும் பாகில் பிசைந்து சட்டங்களின் தலைமேல் வைப்பார்கள். அப்போதைக்குச் சமாளிக்க உதவும், பூவுக்கு ஈடாகாது. பால்பவுடர் சேர்க்கச் சொல்வோர் பேச்சைக் கேட்காதீர்கள், லாக்டோஸைத் தேனீயால் செரிக்க முடியாது. எங்கிருந்தோ வந்த மகரந்தத்தைக் கொடுத்தால் புழு நோய்களும் கூடவே வரலாம். வாயிலில், ஈக்களின் காலிலிருந்து உருண்டைகளை உதிர்த்துச் சேர்க்கும் மகரந்தப் பொறி மாட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.

அவரிடம் நான் சொன்னது ஒன்றுதான்: பெட்டிகளைச் சூரியகாந்தியை விட்டு, களையும் புதரும் மண்டிய பக்கம் நகர்த்துங்கள். "களைக்குப் பக்கத்துலயா?" என்று முகம் சுளித்தார். நகர்த்தினார். முட்டை ஈயாக 21 நாள் ஆகும் என்பதால் உடனே எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்றேன். ஐந்தாவது வாரம் ஒரு படம் அனுப்பினார். சாம்பல், வெளிர்மஞ்சள், செங்கல் நிறம் என்று ரொட்டி அடைத்த அறைகள் வளைவாக நிற்க, அவற்றுக்குக் கீழே பாலில் மிதக்கும் புழுக்கள்.

படத்துக்கு அடியில் ஒரு கேள்வி: "இப்ப தேன் எடுக்கலாமா சார்?"

ஓரத்துச் சட்டங்களில் மட்டும் எடுங்கள், இந்த வளைவில் கை வைக்காதீர்கள் என்று பதில் போட்டேன்.